தராசுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எடைக்கல் பிறந்த விதம்

கோயில் வாசலில் பூ வாங்கும்போது பார்த்திருப்பீர்கள். பூக்கார அம்மா சரத்தின் நுனியை விரலில் பிடித்து, முழங்கை வரை இழுத்து, ‘ஒண்ணு’ என்பார். வாங்குகிறவரின் பார்வை பூவில் இருக்காது, அந்தக் கையில் இருக்கும். கை குட்டையா, முழங்கையைக் கொஞ்சம் மடக்கிக்கொள்கிறாரா என்று. என் அத்தை ஒருத்தி விலையெல்லாம் பேசி முடித்த பிறகு, ‘என் கையால அளந்து குடு’ என்று தன் கையை நீட்டுவாள். அத்தை நல்ல உயரம். பூக்கார அம்மா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

‘எறும்பும் தன் கையால் எண் சாண்’ என்று ஒரு பழமொழி உண்டு. யாரையும் எளிதாக எண்ணாதே என்பதற்காகச் சொல்வது. ஆனால் அளவு என்ற விஷயத்தின் முழுச் சிக்கலும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. என் உயரம் என் சாணால் எட்டு, உங்கள் உயரம் உங்கள் சாணால் எட்டு. அவரவர் வீட்டுக்குள் அவரவர் சாண் போதும். கூரை போட மூங்கில் வெட்டுகிறவன் தன் கையால் அளந்து, தன் கையாலேயே வெட்டிக்கொண்டு வந்தால் ஒரு பிழையும் வராது. இரண்டு பேர் நடுவே பொருள் கைமாறும்போதுதான் ‘யார் கை?’ என்ற கேள்வி எழும்புகிறது.

எழுத்தும் அரசும் வருவதற்கு முன்பு மனிதர்கள் இந்தக் கேள்வியை எப்படிச் சமாளித்தார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். குறிப்பாக எடையை. ஏன் எடை என்றால், மூன்று அளவைகளில் அதுதான் கடைசியில் வந்தது, அதுதான் கடினமானதும்கூட.

முதலில் ஒரு சின்ன வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். எண்ணுவது வேறு, அளப்பது வேறு. ஆடுகளை எண்ணலாம். ஓர் ஆட்டுக்கு ஓர் எலும்பில் ஒரு கோடு கிழித்தால் கணக்கு முடிந்தது. ஆடு தானாகவே ‘ஒன்று’ என்று தனித்து நிற்கிறது. நெல், துணி, எண்ணெய், செம்பு எல்லாம் அப்படி நிற்காது. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே இரண்டு தொடங்குகிறது என்று அந்தப் பொருள் சொல்லாது. அந்த ‘ஒன்றை’ நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் அலகு. பள்ளிக்கூடத்தில் நீட்டலளவை, முகத்தலளவை, நிறுத்தலளவை என்று படித்தோமே, மூன்றும் இந்த ‘ஒன்றை’ உண்டாக்குகிற மூன்று வழிகள்.

நீட்டலுக்கு உடம்பே போதும். விரல், சாண், முழம், பாகம். நம் பழைய கணக்கில் 12 விரற்கடை ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், ஆக முழத்துக்கு 24 விரல். எகிப்தில் சாதாரண முழத்துக்கும் 24 விரல்தான், சுமார் 45 சென்டிமீட்டர். இதைப் பார்த்துவிட்டு யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கிளம்பிவிடக் கூடாது. கை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் முளைக்கிறது.

எகிப்தியர்கள் அடுத்துச் செய்ததுதான் சுவாரஸ்யம். அந்த முழத்தோடு ஓர் உள்ளங்கை அகலத்தைக் கூட்டி, 28 விரல் கொண்ட அரச முழம் என்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அது ஏறக்குறைய 52.5 சென்டிமீட்டர். பெரிய பிரமிட்டின் ஒரு பக்கம் 440 அரச முழம், அதாவது சுமார் 230 மீட்டர். யோசித்துப் பாருங்கள், அந்த நீளத்துக்கு முழங்கை முதல் விரல் நுனி வரை உள்ள ஆள் யாரும் சாதாரணமாகக் கிடைக்கமாட்டார். அளவு கையிலிருந்து இறங்கி கோலுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் முழம். மெசபடோமியாவில் லகாஷ் நகரை ஆண்ட குடேயாவின் சிலை ஒன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 4100 ஆண்டு பழையது. உட்கார்ந்திருக்கும் மன்னரின் மடியில் ஒரு கட்டட வரைபடமும், பக்கத்தில் கோடுகள் போட்ட அளவுகோலும் செதுக்கியிருக்கிறார்கள். வாளோ செங்கோலோ இல்லை, ஸ்கேல்.

எழுத்தே இல்லாத இடங்களில் இதைக் கண்டுபிடிப்பது சிரமம். அலெக்சாண்டர் தோம் என்ற ஆக்ஸ்ஃபோர்டு பொறியியல் பேராசிரியர் பிரிட்டனில் உள்ள கற்காலக் கல்வட்டங்களை நூற்றுக்கணக்கில் அளந்து பார்த்து, எல்லாம் 0.829 மீட்டர் என்ற ஒரே அலகால் கட்டப்பட்டவை என்றார். அதற்குப் பெருங்கற்கால கஜம் என்று பெயரும் வைத்தார். நாடு முழுக்க ஒரே கோல் சுற்றிவந்தது என்பது அவருடைய எண்ணம். பலர் ஏற்கவில்லை. காலடி வைத்து அளந்திருந்தாலும் பல வட்டங்களின் சராசரி கிட்டத்தட்ட அந்த எண்ணுக்கே வந்து நிற்கும் என்றார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. ஆயிரம் பேர் தங்கள் காலால் நடந்தாலும் சராசரி ஒன்றாகத்தான் வரும், அவர்கள் ஒரு கோலைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. மறுபடியும் எறும்பும் எண் சாணும்தான்.

முகத்தல் அடுத்து. இதற்கு ஒரு பாத்திரம் வேண்டும். இராக்கின் தெற்கே உருக் நகரத்திலும் அதைச் சுற்றியும் கி.மு. நான்காம் ஆயிரமாண்டைச் சேர்ந்த மண்கிண்ணங்கள் கூடை கூடையாகக் கிடைக்கின்றன. அழகே இல்லாத, விளிம்பு சாய்த்து வெட்டிய முரட்டுக் கிண்ணங்கள். அச்சில் அழுத்தி அவசரமாகச் செய்து, பயன்படுத்தி, எறிந்திருக்கிறார்கள். வேலை செய்தவர்களுக்குக் கூலியாகத் தானியம் அளந்துபோட வைத்திருந்த கிண்ணம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ரொட்டி சுடும் அச்சு என்று இன்னொரு சாரார். கொஞ்ச காலம் கழித்து அதே ஊரில் எழுத்து பிறந்தபோது, உணவுப் பங்கைக் குறிக்கும் எழுத்து அந்தக் கிண்ணத்தின் வடிவிலேயே இருந்தது. உண்பதைக் குறிக்க ஒரு தலையையும் அந்தக் கிண்ணத்தையும் சேர்த்து வரைந்தார்கள்.

முகத்தலில் ஒரு தொல்லை உண்டு. ஊரில் நெல் அளந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், படியைத் தலை தட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்று. வாங்கும்போது ஒரு மாதிரி, கொடுக்கும்போது ஒரு மாதிரி. படி அதேதான், நெல்லும் அதேதான், உச்சியில் நிற்கிற அந்தக் கைப்பிடியில்தான் சண்டை. படியைக் குலுக்கி அளந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஆக பாத்திரத்தை மட்டும் பொதுவாக்கினால் போதாது, அளக்கும் முறையையும் பொதுவாக்க வேண்டும்.

சரி, எடைக்கு வருவோம்.

நீளத்தைக் கண் பார்க்கும். கொள்ளளவையும் ஓரளவு பார்க்கும். எடையைக் கண் பார்க்காது. கை உணரும், ஆனால் கை நம்பகமான சாட்சி கிடையாது. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்துக்கும் ஒரு கிலோ நூறு கிராம் பொட்டலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனமாகத் தூக்கிப் பார்த்தால் சொல்லிவிடலாம். ஒரு கிலோ பத்து கிராம் என்றால் சொல்ல முடியாது. அதைவிட மோசம், கை ஏமாறும். ஒரே எடையுள்ள பெரிய பெட்டியையும் சிறிய பெட்டியையும் தூக்கினால் சிறியதுதான் கனமாகத் தோன்றும். ஒரு கிலோ பஞ்சு கனமா, ஒரு கிலோ இரும்பு கனமா என்று சின்ன வயதில் கேட்டு மடக்குவார்களே, ‘இரும்பு’ என்று சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கை பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் உணரும்.

அதோடு, நெடுங்காலம் எடை யாருக்கும் தேவைப்படவும் இல்லை. ஆட்டை எண்ணலாம், துணியை முழம் போடலாம், தானியத்தை முகக்கலாம். எதிலும் அடங்காத பொருள் ஒன்று வந்த பிறகுதான் நெருக்கடி: உலோகம். உடைந்த செம்புத் துண்டு, வளைந்த வெள்ளிக் கம்பி, பொன் துகள். எண்ணினால் அர்த்தம் இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. பானையில் போட்டால் பாதி காற்று. நீளம் பார்த்தால் தடிமன் வேறு. அதில் ஒரு துளி கூடக்குறைய இருந்தாலும் நஷ்டம். கி.மு. 3000-ஐ ஒட்டி எகிப்திலும் மெசபடோமியாவிலும் எடை போடும் பழக்கம் வந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். மெசபடோமியாவில் ஆட்டுரோமமும் நிறுக்கப்பட்டது. அமுக்கினால் அமுங்குகிற பொருளைப் பானையில் அளந்து யாரும் ஜெயிக்க முடியாது.

கிராமத்துப் பிள்ளைகள் கொட்டாங்குச்சியில் தராசு செய்து கடை வைத்து விளையாடுவார்கள். ஒரு குச்சி, நடுவில் ஒரு கயிறு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கொட்டாங்குச்சி. பழங்காலத் தராசும் அடிப்படையில் இவ்வளவுதான். நீங்களும் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள், இனி சொல்லப்போவது கையில் இருந்தால் சட்டென்று புரியும்.

இந்தத் தராசுக்கு எத்தனை கிராம் என்று சொல்லத் தெரியாது. எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு என்றும் சொல்லாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பக்கமும் சமமா, இல்லையா. சமமில்லாவிட்டால் எந்தப் பக்கம் கனம் என்று சாய்ந்து காட்டும். அவ்வளவுதான் அதன் மொழி.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஓர் எடை முறையையே கட்ட முடியுமா? முடியும். ஒரு கூழாங்கல்லை எடுத்து ஒரு தட்டில் வையுங்கள். இன்னொரு கல்லை எதிர்த்தட்டில் வைத்து, கனமாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்குங்கள். இப்போது ஒரே எடையில் இரண்டு கல். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, எதிரே மூன்றாவதாக ஒரு பெரிய கல்லைச் சமப்படுத்தினால் அது 2. மூன்றையும் ஒன்றாக வைத்தால் 4, எதிரே 4 எடையுள்ள கல் கிடைக்கும். அப்புறம் 8, 16, 32. இறங்கு வரிசையும் இப்படித்தான். ஒரு பிடி மணலை இரண்டு தட்டிலும் பிரித்துப் போட்டு, சமமாகும் வரை அங்கிருந்து இங்கே மாற்றினால் அதுவே பாதி. அதை மறுபடி பிரித்தால் கால். அதற்குப் பிறகு அரைக்கால். அதற்கும் பிறகு மாகாணி.

யாரும் கணக்குப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் எண்ணைக்கூட எழுதவில்லை. ‘சமம்’ என்ற ஒரு சொல்லே மனிதனை இரட்டிப்பை நோக்கித் தள்ளிக்கொண்டு போகிறது.

இந்த இரட்டிப்பு வரிசைக்கு ஒரு சௌகரியமும் உண்டு. 1, 2, 4, 8, 16, 32, 64 என்று ஏழே கல் இருந்தால் 1 முதல் 127 வரை எந்த எடையையும் போட்டுவிடலாம். 100 வேண்டுமா, 64, 32, 4. கல்லை இரண்டு தட்டிலும் வைக்கலாம் என்றால் 1, 3, 9, 27, 81 என்று ஐந்து கல்லிலேயே 121 வரை போகலாம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் கழித்துக்கொண்டிருக்க வேண்டும். பொருளை வாங்க நிற்கிறவன் அதைப் பார்த்தால் ‘என்னவோ பண்றான்’ என்றுதான் நினைப்பான்.

இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டுமென்றால் சிந்துவெளிக்குப் போக வேண்டும். ஹரப்பா, மொகஞ்சதாரோ, லோத்தல், தோலவிரா. கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்த நகரங்கள். அங்கே எழுத்து இருந்தது, ஆனால் இன்றுவரை யாரும் அதைச் சந்தேகமில்லாமல் படித்துக் காட்டவில்லை. ஆகவே அவர்களுடைய அளவு முறையைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் கல் சொன்னது மட்டுமே.

அந்தக் கற்களை அருங்காட்சியகத்தில் பார்த்தால் தாயக்கட்டை என்று நினைக்கத் தோன்றும். சின்னச் சின்னக் கனசதுரங்கள். ஆறு பக்கமும் வழவழவென்று, புள்ளியோ எழுத்தோ எதுவும் இல்லாமல். பெரும்பாலும் செர்ட் என்கிற கடினமான கல், சாம்பலும் பழுப்புமாக வரி ஓடியிருக்கும். அந்தக் கல்லுக்குப் பேர்போன இடம் சிந்து மாகாணத்தின் ரோஹ்ரி குன்றுகள். முதலில் சில்லுச் சில்லாகத் தட்டி வடிவம் கொண்டுவந்து, பிறகு தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள்.

ஏன் கனசதுரம், ஏன் இவ்வளவு மெருகு? என் கணிப்பு இது: செர்ட் எளிதில் தேயாது, அதனால் நாள்பட எடை குறையாது. வழவழப்பான கல்லில் யாராவது ஒரு மூலையைச் சுரண்டினால் உடனே கண்ணில் படும். மண்ணால் செய்த எடைக்கல்லில் சுரண்டினது யாருக்குத் தெரியும்?

மொகஞ்சதாரோ அகழாய்வில் கிடைத்த கற்களை ஏ. எஸ். ஹெம்மி என்பவர் ஒவ்வொன்றாக எடை போட்டார். 1931-ல் வெளிவந்த ஜான் மார்ஷலின் பெரிய அறிக்கையில் அந்தக் கணக்கு இருக்கிறது. அடிக்கடி கிடைத்த கல் சுமார் 13.7 கிராம். மிகச் சிறிய கல்லை 1 என்று வைத்தால், அது கிட்டத்தட்ட 0.86 கிராம், வரிசை இப்படிப் போகிறது: 1, 2, 4, 8, 16, 32, 64. அந்த 13.7 கிராம்தான் 16. நாம் கொட்டாங்குச்சியில் செய்த அதே வரிசை! மேலே போகப் போக முறை மாறுகிறது. 160, 200, 320, 640, 1600, 3200, 6400 என்று பத்துப் பத்தாகப் பெருகுகிறது. மிகப் பெரிய கல் 12,800, ஏறக்குறைய 11 கிலோ. சின்னக் கற்களில் தராசின் இரட்டிப்பு, பெரிய கற்களில் பத்து விரல் எண்ணிக்கை. இரண்டு பழக்கமும் ஒரே வரிசையில் கைகோத்து நிற்பதைப் பார்க்கும்போது, இதை யாரோ ஒருவர் ஒரே நாளில் உட்கார்ந்து வகுக்கவில்லை, வேலை செய்யச் செய்ய வளர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

செங்கல்லும் இதே கதைதான். வீடு கட்டிய செங்கல் 7 சென்டிமீட்டர் தடிமன், 14 அகலம், 28 நீளம். கோட்டைச் சுவருக்குப் பெரிய கல், 10, 20, 40. இரண்டிலும் 1:2:4. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் ஏன் என்று சொல்லிவிடுவார். நெடுக்கில் ஒரு செங்கல் வைத்த இடத்தில் குறுக்கில் இரண்டு சரியாக உட்கார வேண்டும். அப்போதுதான் அடுத்த வரியில் இணைப்பு மேல் இணைப்பு வராமல் மாற்றி மாற்றி அடுக்கலாம், சுவர் பிளக்காது. ஒவ்வொரு செங்கல்லையும் யாரும் அளந்திருக்க வேண்டியதில்லை. செங்கல் அறுக்கும் அச்சு ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் போதும், அந்த அச்சுதான் அளவுகோல். அளவுகோல்களும் கிடைத்திருக்கின்றன. மொகஞ்சதாரோவில் எர்னஸ்ட் மக்கே கண்டெடுத்த சங்குத் துண்டில் 6.7 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஒன்பது பிரிவுகள். லோத்தலின் தந்த அளவுகோலில் பிரிவு இன்னும் நுணுக்கம், சுமார் 1.7 மில்லிமீட்டர். இரண்டும் உடைந்த துண்டுகள், ஒரே அளவுமில்லை. கையளவு துண்டை வைத்துக்கொண்டு சிந்துவெளிக்கு ஒரே நீட்டலளவை இருந்தது என்று வாதிடுகிறவர்களை நான் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிப்பேன். எடைக்கல் விஷயத்தில் அந்தத் தயக்கம் தேவையில்லை, ஊர் ஊராகக் கிடைத்திருக்கிறது.

ஹரப்பாவுக்கும் லோத்தலுக்கும் நடுவே நேர்கோட்டிலேயே சுமார் 900 கிலோமீட்டர். இரண்டு ஊரிலும் ஒரே எடை வரிசை. யார் காவல் காத்தார்கள்? எகிப்து மாதிரி பிரமிடு கட்டிய மன்னனோ, பெரிய அரண்மனையோ சிந்துவெளியில் யாரும் அடையாளம் காட்டவில்லை. ஹரப்பாவில் பல காலம் அகழாய்வு செய்த ஜொனாதன் மார்க் கெனோயர் ஒன்றைக் கவனித்தார். எடைக்கற்கள் நகர வாசல்களை ஒட்டி அதிகமாகக் கிடைக்கின்றன. அதனால் அவை காய்கறிச் சந்தைக்கல் அல்ல, ஊருக்குள் வரும் சரக்குக்கு வரி வாங்கிய கல் என்பது அவருடைய கருத்து. சுங்கச்சாவடியில் நிறுத்து வாங்குகிறவன் கல்தான் எல்லோருக்கும் கல். வியாபாரி தன் வீட்டில் வேறு கல் வைத்துக்கொண்டு என்ன லாபம்?

இப்போது நகல் எடுப்பதில் உள்ள வம்பைப் பார்ப்போம். மூலக்கல்லைப் பார்த்து ஒரு கல், அந்தக் கல்லைப் பார்த்து இன்னொரு கல், அதைப் பார்த்து மற்றொன்று. தராசு எவ்வளவு நல்லதானாலும் ஒவ்வொரு தடவையும் மயிரிழை வித்தியாசம் விழும். தராசே கோணலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். (இதற்கு ஒரு சோதனை உண்டு. பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு தடவை சமமாக நின்ற தராசு மறு தடவை சாய்ந்தால் கோலின் இரண்டு கையும் ஒரே நீளமில்லை, அல்லது தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறது.) கிலோகிராமுக்கே இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற இடத்தில் 1889 முதல் கண்ணாடிக் குடுவைக்குள் காத்துவந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைக்கும் அதன் நகல்களுக்கும் நடுவே நூறு ஆண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. 2019-ல் அந்த உருளையை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, இயற்பியல் மாறிலி ஒன்றின் மேல் கிலோவை நிறுத்தினார்கள்.

அப்படியானால் 4000 ஆண்டுக்கு முன்பு எடை எப்படிக் கலையாமல் நின்றது? அரசன் காத்தான் என்பது பழைய பதில். அதற்குச் சான்றும் உண்டு. கி.மு. 2100-ஐ ஒட்டி மெசபடோமியாவின் உர் நகரில் எழுதப்பட்ட, உர்-நம்மு மன்னனின் சட்டத்தின் முன்னுரையில், முகத்தல் பாத்திரத்தையும் மினா என்ற எடையையும் (சுமார் அரைக் கிலோ) நிலைப்படுத்தியதை மன்னன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். அவன் மகன் ஷுல்கி, சந்திரக் கடவுளான நன்னாவின் பெயரில் அரை மினா எடைக்கல் ஒன்றைப் பொறித்து வைத்தான். அதுவும் லூவ்ரில் இருக்கிறது.

ஆனால் 2021-ல் வெளியான ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. மேற்கு ஐரோப்பா முதல் சிந்துவெளி வரை கிடைத்த 2000-க்கும் மேற்பட்ட எடைக்கற்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், எடை அலகுகள் மெசபடோமியாவிலிருந்து மேற்கு நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்து, இடத்துக்கு இடம் கொஞ்சம் பிசகிக்கொண்டே போனதாகக் காட்டினார்கள். அந்தப் பிசகு, ஒரு நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்தால் இயல்பாக வரக்கூடிய அளவுதான். அதாவது வியாபாரிகள் சந்திக்கும் இடத்திலெல்லாம் தங்கள் கற்களைத் தாங்களே ஒப்பிட்டுச் சரிசெய்துகொண்டார்கள், உத்தரவு போட ஒருவர் தேவைப்படவில்லை. இதற்கு விதிவிலக்காக நின்றது சிந்துவெளி. அது மெசபடோமியாவின் அலகைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொள்ளவில்லை, தனக்கென்று வேறொன்றை வைத்துக்கொண்டது.

எடை போட உதவிய விதைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். மெசபடோமியாவில் 180 பார்லி மணி ஒரு ஷெகல், 60 ஷெகல் ஒரு மினா, 60 மினா ஒரு பெரிய சுமை, சுமார் 30 கிலோ. அந்தக் கடைசி அலகின் பெயருக்கே சுமை என்றுதான் பொருள், ஒரு ஆள் தூக்குகிற பாரம். நம் பக்கம் பொன் நிறுக்கக் குன்றிமணியும் மஞ்சாடியும். சோழர் கணக்கில் 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஹரப்பாவின் மிகச் சிறிய கல் ஏறக்குறைய 8 குன்றிமணி எடை என்பதால் அங்கேயும் குன்றிமணிதான் அடிப்படை என்று கெனோயர் போன்றவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் விதையிலிருந்துதான் கல் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு மினாவுக்கு 10,800 பார்லி மணி. எந்த வியாபாரி உட்கார்ந்து எண்ணியிருப்பான்? குன்றிமணியும் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. நான் ஐம்பது ஐம்பதாக இரண்டு பொட்டலம் எண்ணித் தெரிந்த பத்தர் ஒருவரின் தராசில் போட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒத்துப்போகவில்லை. பத்தர் சிரித்தார். (வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குன்றிமணிப் பருப்பு கொடிய விஷம்.)

விதை, மிகச் சிறிய கல்லுக்கும் கீழே போக வேண்டிய இடத்தில் கைக்கு உதவுகிற ஒன்று. நம்பிக்கை எப்போதும் கல்லின் மேல்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுத்ததாக எழுதியிருக்கிறது. கல்லுக்கு நடராசர் பெயர்! எடைக்கல் என்ற சொல்லிலேயே கல் உட்கார்ந்திருக்கிறது. இரும்பில் வார்த்தாலும் நமக்கு அது கல்தான். பழைய பாபிலோனிய வியாபாரியும் எடைக்கு ‘கல்’ என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினான்.

இரண்டு வேறு கல் உலகங்கள் சந்தித்த இடம் பாரசீக வளைகுடா. இன்றைய பஹ்ரைனில், அந்தக் காலத்துத் தில்முன் என்ற துறைமுகத்தில், சிந்துவெளிக் கனசதுரக் கற்கள் கிடைத்திருக்கின்றன. அங்கே புழங்கியது 13.7 கிராம் வரிசை. உர் நகரத்துக்கு வந்த செம்பை ‘தில்முன் எடைப்படி’ இவ்வளவு என்று களிமண் பலகையில் குறித்து, தங்கள் ஊர் எடைக்கு மாற்றிக் கணக்கெழுதியிருக்கிறார்கள். ஒருவர் கல்லை இன்னொருவர் தூக்கியெறியச் சொல்லவில்லை. மாற்று வாய்ப்பாடு ஒன்றை வைத்துக்கொண்டார்கள். என் அத்தையும் பூக்கார அம்மாவும் கடைசிவரை எட்டாத உடன்பாடு அது.

இரட்டிப்பைப் பற்றிச் சொன்னதில் ஒன்று பாக்கி. நம் முகத்தலளவையைச் சொல்லிப் பாருங்கள்: 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி. கலத்துக்குப் போகும்போது மட்டும் 3 தூணி என்று மாறும். கீழே அரை, கால், அரைக்கால், மாகாணி. இதைக் காட்டி, சிந்துவெளி முறை நேராக நம்மிடம் வந்துசேர்ந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. பிரித்துப் பிரித்துப் பாதியாக்குவது தராசுக்கும் படிக்கும் இயல்பு, எந்த ஊரிலும் அது தானாகவே பிறக்கும். அதை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது. உறவு இல்லை என்று சாதிக்கவும் முடியாது.

கீழடியில் 2020-ல் நடந்த ஆறாம் கட்ட அகழாய்வில் நான்கு கருங்கல் எடைக்கற்கள் கிடைத்தன. உருளை வடிவம், நிற்க வசதியாக அடிப்பக்கம் தட்டை. நிறுத்துப் பார்த்தபோது 8, 18, 150, 300 கிராம். 150-ம் 300-ம் ஒன்றுக்கொன்று இரட்டிப்பு, கொட்டாங்குச்சிக் கணக்கில் அழகாகப் பொருந்துகிறது. 8-க்கு இரட்டிப்பு 16. அந்தப் பதினெட்டு மட்டும் வரிசைக்கு வெளியே நிற்கிறது.